பூங்குழலியின் துடுப்பு

அனலைதீவின் தென்கரையில் நின்றால் நயினாதீவு தெரியும். பழைய நூல்கள் சொல்லும் நாகதீவு அதுதான் என்பது எங்கள் சனத்தின் உறுதியான எண்ணம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் கோடிக்கரையில் படகேறும் வீரன் வந்தியத்தேவன் ஈழத்துக்கு வருவது இந்தக் கடல் வழியாக. அதனாலோ என்னவோ, இளவரசி குந்தவையையும் பழுவூர் ராணி நந்தினியையும் விட எங்களுக்கு நெருக்கமானவள் படகுக்காரி பூங்குழலி. அந்த நாவலை மணிரத்னம் படமாக்கிய இரண்டு பாகங்களையும் (2022, 2023) அவளுக்கு என்ன நேர்ந்தது என்று தேடிக்கொண்டேதான் பார்த்தேன்.

கல்கியின் பூங்குழலி லேசில் பிடிபடாத பெண். தன்னைத் துரத்திவரும் வந்தியத்தேவனைச் சேற்றுப் பள்ளத்தில் சிக்கவைப்பவளும் அவள்தான், கை கொடுத்துத் தூக்கிவிடுபவளும் அவள்தான். காதலர்கள் யாரென்று கேட்டால், இரவில் சதுப்பு நிலத்தில் பக்கென்று எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டுகிறாள். சோழ இளவரசன் அருள்மொழியின் மேல் வைத்த மனசு நிறைவேறாது என்று தெரிந்த ஒருத்தி அந்த நெருப்பைத் தனக்குத் துணையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கடலில் இறங்கியதும் அவளே வேறு ஆள். கோட்டைகளுக்குள் துணிந்து நுழையும் வந்தியத்தேவனுக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறிய பிறகு அவன் உயிர் அவள் கையில்.

படத்தில் பூங்குழலியாக வரும் ஐஸ்வர்யா லக்ஷ்மிக்கு அந்த உடல்வாகும் துணிச்சலும் இருக்கின்றன. ஏ. ஆர். ரகுமானின் 'அலைகடல்' பாடலில் அந்தரா நந்தியின் குரல் எழும்போது, நாவலின் பூங்குழலி இதோ வந்துவிட்டாள் என்றே தோன்றியது. ஆனால் முதல் பாகம் முடியும் இடத்தில் அவளுக்குரிய பெரிய காரியம் இன்னொருத்தியின் கைக்குப் போய்விடுகிறது.

நாவலில், சுழிக்காற்றில் கப்பல் அழிந்து, அருள்மொழியும் வந்தியத்தேவனும் ஒரு மரத்தைப் பற்றியபடி நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். படகோடு வந்து இருவரையும் மீட்பவள் பூங்குழலி. கல்கி அந்தப் புயலைக் கட்டும் விதம் எங்கள் ஊர்க்காரரை எழுந்து உட்காரவைக்கும். முதலில் காற்று அடியோடு விழுந்துவிடுகிறது. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கிறது. தொழிலுக்குப் போகிறவர்கள் பயப்படுவது அந்த அமைதிக்குத்தான். பிறகு எல்லாம் புரள்கிறது. அந்தக் கடலைப் படித்தவள் ஒருத்தி இருந்ததால்தான் சோழ இளவரசன் பிழைக்கிறான்.

படத்தில் எரிந்து மூழ்கும் கப்பலை நோக்கி நீருக்குள் பாய்ந்து வருபவள் ஊமைராணி எனப்படும் மந்தாகினி. நரைத்த கூந்தல் நீரில் விரிய, அந்த முகம் திரையை நிறைக்கிறது. நந்தினியின் முகம். இரண்டு வேடமும் ஐஸ்வர்யா ராய்தான். இவர்கள் இருவருக்குமுள்ள சாயலை வாசகனுக்கு உணர்த்த, வந்தியத்தேவன் திகைப்பது, இளவரசனோடு பேசித் தெளிவது, இளவரசனின் தந்தை சுந்தர சோழர் அலறுவது என்று கல்கி எத்தனையோ அத்தியாயங்களைச் செலவிட வேண்டியிருந்தது. மணிரத்னத்துக்கு ஒரே ஒரு முகம் போதுமாயிருக்கிறது. பேச்சற்ற மந்தாகினி நாவலில் மற்றவர்களின் வார்த்தையை நம்பி நிற்கிறாள். திரையில் அவளுக்கு யார் தயவும் தேவையில்லை. காவேரியில் விழுந்த குழந்தை அருள்மொழியைத் தூக்கியவளே அவன் வளர்ந்தபின் கடலிலும் தூக்குகிறாள் என்பதில் ஒரு தாளமும் விழுகிறது. அந்தக் காட்சியை நான் மனமார ரசித்தேன். ஊமைராணியைப் பொறுத்தவரை படம் நாவலைத் தாண்டிவிட்டது என்றே சொல்வேன்.

ஒருத்தியின் வினையை இன்னொருத்திக்கு மாற்றுவது பெரிய நாவல்களைத் திரைக்குக் கொண்டுபோகிறவர்கள் எங்கும் கையாளும் வழி. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவலில் ராம்சே என்ற கொடியவனை மணந்து துன்பப்படுபவள் ஜெயின் பூல் என்ற சிறு பாத்திரம். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் 2015இல் அந்தக் கொடுமையை முதன்மைப் பாத்திரமான சான்சாவின் தலையில் வைத்தது. பார்வையாளர் ஏற்கெனவே நேசிக்கும் முகத்துக்கு நேர்ந்தால்தான் உறைக்கும் என்ற கணக்கு. மணிரத்னத்தின் கணக்கும் அதுவே. நட்டம் மட்டும் பூங்குழலிக்கு.

அது கடலோடு முடியவில்லை. நாவலில் காய்ச்சலில் கிடக்கும் இளவரசனைக் கால்வாய் வழியே நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொண்டுசேர்ப்பவர்கள் பூங்குழலியும் சேந்தன் அமுதனும். பூத்தொண்டு செய்யும் அந்த அமுதன்தான் அரசி செம்பியன் மாதேவியின் வயிற்றில் பிறந்த உண்மையான இளவரசன் மதுராந்தகன் என்று கடைசியில் தெரியவரும். அவன் உத்தம சோழனாக முடிசூட, துடுப்புப் போட்ட கை அரசியின் கையாகிறது. அருள்மொழி முதலாம் இராசராசனாக 985இல் அரியணை ஏறுமுன் உத்தமன் ஏன் ஆண்டான் என்ற வரலாற்றுக் கேள்விக்குக் கல்கி கட்டிய கற்பனை விடை இது. படத்தில் இந்த ஆள்மாறாட்டமே இல்லை. நடிகர் ரகுமான் ஏற்ற மதுராந்தகனே முடிசூடுகிறான். திருப்பங்கள் மலிந்த கதையில் இன்னொரு திருப்பத்தைக் குறைத்தது கட்டுக்கோப்புக்கு நல்லதுதான். ஆனால் அமுதனுக்கு வேலையில்லாமல் போனதும் பூங்குழலிக்கும் போகுமிடம் இல்லாமல் போய்விட்டது. இரண்டாம் பாகத்தில் அவள் வருகிறாள், நிற்கிறாள், அவ்வளவுதான்.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரவாரம் எழுதியதை இரண்டு படங்களும் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது. யாரையாவது கரையில் விட்டுத்தான் போயிருக்க வேண்டும். சம்புவரையர் மகள் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. அவளைக்கூட நான் அதிகம் தேடவில்லை. நாளைக்கு யாராவது இதை நீண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்தால், கோடிக்கரை இரவுக்கு முழுதாக ஒரு பகுதி ஒதுக்கட்டும். சேறு, கொள்ளிவாய் நெருப்பு, விடியுமுன் கிளம்பும் படகு, நீந்தத் தெரியாத வீரன் எல்லாம் அதில் இருக்கட்டும். காற்று விழுந்த கடலைக் காட்டிவிட்டு, புயலுக்குப் பிறகு அந்த மரத்துண்டருகே வருவது பூங்குழலியின் படகாகவே இருக்கட்டும்.