சிமெண்டுக்கு மாற்றா, துணையா?

சிமெண்டுத் தொழில் வெளிவிடும் கரிவளியைக் குறைக்க நிலக்கரிச் சாம்பல், இரும்பாலைக் கசடு, சுட்ட களிமண் ஆகியவற்றைச் சேர்க்கலாம் என்று தமிழிலும் கட்டுரைகள் வருகின்றன. அவற்றுட் பல இப்பொருள்களை 'மாற்றுச் சிமெண்டு' என்கின்றன. கருத்து நன்று, சொல் பிழை. இப்பிழை ஏட்டோடு நிற்பதன்று. வீட்டுச் சுவர்வரை செல்வது.

மாற்று என்பது ஒன்றை நீக்கி அதனிடத்தில் நிற்பது. சாம்பல் அவ்வாறு நிற்பதில்லை. சிமெண்டு நீரோடு கூடி இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அதனோடு சாம்பலிலுள்ள சிலிக்கா சேர்ந்தே பிணைக்கும் பொருளாகிறது. காரக் கரைசல் ஊட்டிச் சிமெண்டே இன்றி இறுகச் செய்யும் முறை வேறு. 'மாற்று' என்னும் பெயர் அதற்கே பொருந்தும்.

ஆதலின் விதிகள் அளவு கூறுகின்றன. இந்தியத் தரவிதி 1489, நிலக்கரிச் சாம்பல் நூற்றுக்கு 15 முதல் 35 வரை இருக்கலாம் என்கிறது. கசடுச் சிமெண்டுக்கான தரவிதி 455, கசடு 25 முதல் 70 வரை என்கிறது. 'ஒரு பகுதிக்கு மாற்று என்பதே பொருள்' எனச் சிலர் கூறலாம். அங்ஙனமாயின் அதனை வெளிப்பட எழுதுதல் வேண்டும். 'மாற்று' என்று மட்டும் படித்த ஒப்பந்தக்காரர் அளவின்றிக் கலந்தால், சுவரின் விரிசலுக்கு அச்சொல்லும் பொறுப்பன்றோ?

வரலாறும் இச்சொல்லுக்கு எதிராகவே நிற்கிறது. போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அதற்கு முன்னரே நம் கொத்தர் சுண்ணாம்போடு செங்கற்பொடி சேர்த்துக் காரை அரைத்தனர். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணைக்கும் அச்சுர்க்கிக் காரையே பயன்பட்டது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டுக்கு இந்தியா 2023இல் தரவிதி வகுத்தது. முன்னே வந்ததைப் பின்னே வந்ததன் மாற்றென்பது முறையாமோ?

விதி வகுப்போரும் சொல்லில் இடறுகின்றனர். மலேசியா ஏற்றுள்ள ஐரோப்பிய 197-1 தரவிதியில், எரிசாம்பல் என்பது தூளாக்கிய நிலக்கரி எரியும் உலையின் புகையிலிருந்து பிடித்த தூளையே குறிக்கும். பண்டார் தெங்காராவைச் சூழ்ந்திருப்பவை செம்பனைத் தோட்டங்கள். செம்பனை ஆலைகளில் நாரும் ஓடும் எரிந்து சாம்பலாகின்றன. அரைத்த அச்சாம்பல், காரவினையால் கற்காரை உப்பி வெடிப்பதைக் குறைக்கும் என்று, ஜொகூரிலேயே உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 1997இல் எழுதினர். ஆயினும் அவ்வரையறைக்குள் அதற்கு இடமில்லை. பொருளின் பிறப்பை நோக்காது ஆற்றலை நோக்கி விதி செய்தலே தக்கது. ஆலைக்கு ஆலை சாம்பல் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு முறையும் சோதித்தே ஏற்றல் வேண்டும். பத்தரை மாற்றுப் பொன்னுக்கும் உரைகல் உண்டு. சாம்பலுக்கு ஏன் கூடாது?

அறிவியற்பாடம் நடத்தும் தமிழாசிரியர்கள் இனி இவற்றைத் 'துணைச் சிமெண்டுப் பொருள்' என்று வழங்குவார்களாக. துணை என்றவுடன், எதற்குத் துணை, எத்துணை அளவு என்று மாணவன் கேட்பான். விதி பிறப்பது அக்கேள்வியிலிருந்தே.