தேநீரின் பெயரும் மனிதரின் பெயரும்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் பெருவழியில் அமைந்துள்ள மறைமலைநகர், தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊர். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் துணைநகராக உருவாக்கிய இவ்வூருக்குத் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் (1876–1950) பெயர் சூட்டப்பட்டது. இவ்வூரின் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் ஒலிக்கும் ‘டீ’ என்ற சொல்லும், அதற்கு மாற்றாகத் தமிழார்வலர்கள் எழுதும் ‘தேநீர்’ என்ற சொல்லும் ஒரே சீன வட்டார வழக்கிலிருந்து வந்தவை. பெயர் மாற்றத்தால் எது காக்கப்படுகிறது, எது இழக்கப்படுகிறது என்ற கேள்வியை ஆராய இவ்விரு செய்திகளும் நல்ல தொடக்கம். கடல் கடந்த சீனர்களின் பெயர்களும், அவர்கள் தம்முடன் கொண்டுசென்ற நொதித்த தேயிலையும் இக்கேள்விக்குத் தெளிவான சான்றுகளைத் தருகின்றன.

பொருளைக் காத்த பெயர்

நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம், 1916இல் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டபின் மறைமலை ஆனார். வேதம் ‘மறை’ ஆயிற்று; அசலம் ‘மலை’ ஆயிற்று; சுவாமி ‘அடிகள்’ ஆயிற்று. அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. ‘சமரச சன்மார்க்க நிலையம்’ ‘பொதுநிலைக் கழகம்’ ஆனது. இம்மாற்றங்கள் அனைத்திலும் ஒலி கைவிடப்பட்டது. பொருள் சிதையாமல் காக்கப்பட்டது.

ஒரு பெயரில் மூன்று கூறுகள் உள்ளன: ஒலி, பொருள், எழுத்து. மறைமலை அடிகளின் முறை, பொருளே பெயரின் உயிர் எனக் கொள்வது. வடமொழிப் பெயரைக் குறைவாகக் கருதாமலே, தன் மொழியில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமையை அது நிலைநாட்டியது. ஆனால் பொருள் தெளிவாக இல்லாத சொற்களை இம்முறையால் கையாள இயலாது. தேயிலை அத்தகைய சொல்.

ஒலியைக் காத்த சொல்

உலக மொழிகளில் தேயிலைக்கான சொற்கள் பெரும்பாலும் இரு குடும்பங்களைச் சார்ந்தவை. ‘சா’ என்பது மாண்டரின், கன்டோனீஸ் முதலிய வழக்குகளின் ஒலி. தரைவழியாகவும், மக்காவ் துறையில் வணிகம் செய்த போர்த்துகீசியர் வழியாகவும் அது பரவியது. இந்தியின் ‘சாய்’, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் வழங்கும் ‘சாயா’ ஆகியவை இக்குடும்பத்தவை. ‘தே’ என்பது சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையான ஃபூஜியன் மாநிலத்தின் மின்னான் வழக்கு. தென்கிழக்கு ஆசியாவில் இதை ஹொக்கியன் என்பர். டச்சு வணிகர்கள் வழியாக அது ஐரோப்பாவுக்குச் சென்று ஆங்கிலத்தில் ‘டீ’ ஆயிற்று. மலாய் மொழியில் ‘தே’ என்றே நின்றது.

தமிழின் தேயிலை, தேநீர் ஆகிய இரண்டிலும் முன்னிற்பது இந்தத் ‘தே’. அதனுடன் இலை, நீர் என்ற தமிழ்ச் சொற்கள் சேர்ந்ததால் முழுச்சொல்லும் தமிழ்போல் ஒலிக்கிறது. காப்பிக்குக் ‘குளம்பி’ என்று புதுச்சொல் படைத்தவர்களும் தேநீரை மாற்ற வேண்டிய தேவையை உணரவில்லை. இதைத் தனித்தமிழின் முரண்பாடு என்று எள்ளுவது எளிது. ஆனால் அது மேலோட்டமான வாசிப்பு. வந்த சொல்லின் ஒலியை ஏற்று, அதைத் தன் இலக்கணத்துக்குள் குடியமர்த்துவதும் மொழியின் இயல்பான செயலே. ஃபூஜியனின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. ‘தே’ பேசும் கடற்கரையோடு தமிழருக்கு இருந்த தொடர்பு ஐரோப்பியர் வருகைக்கும் முற்பட்டது என்பதை அது நினைவூட்டுகிறது.

மலேசியத் தமிழர் பால் சேர்க்காத தேநீரைத் ‘தே ஓ’ என்கிறார்கள். இதில் ‘ஓ’ என்பதும் ஹொக்கியன் சொல்லே. கருமை என்பது பொருள். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒரே சொல்லைத் தத்தம் சொல்லாகவே கருதிப் பயன்படுத்துகின்றனர்.

எழுத்தைக் காத்த குடும்பங்கள்

தென்கிழக்கு ஆசியாவுக்குக் குடிபெயர்ந்த சீனர்கள் ஒரே மொழி பேசியவர்கள் அல்லர். ஹொக்கியன், தியோசியூ, கன்டோனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் எனப் பல வழக்கினர் அவர்களில் உண்டு. அதனால் ஒரே எழுத்தால் எழுதப்படும் குடிப்பெயர் பல ஒலிகளைப் பெற்றது. மாண்டரினில் ‘சென்’ எனப்படுவது ஹொக்கியனில் ‘தான்’, கன்டோனீஸில் ‘சான்’, ஹக்காவில் ‘சின்’. மாண்டரினின் ‘லின்’ ஹொக்கியனில் ‘லிம்’, கன்டோனீஸில் ‘லாம்’. பிரித்தானிய அலுவலர்கள் காதில் விழுந்தபடி எழுதிய இவ்வொலிகளே அடையாள ஆவணங்களில் நிலைத்தன. ஆகவே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு சீனரின் குடிப்பெயரைக் கேட்டால் அவருடைய முன்னோர் எந்த வழக்கைப் பேசினர் என்பதை ஓரளவு கணிக்கலாம்.

இங்கே காக்கப்பட்டது எழுத்து. ஒலி ஊருக்கேற்ப வேறுபட்டது. இந்தோனேசியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1966இல் அமைச்சரவைத் தலைமைக்குழு வெளியிட்ட 127ஆம் எண் முடிவு, சீன வம்சாவளிக் குடிமக்கள் இந்தோனேசியப் பெயர்களை ஏற்க வழிவகுத்தது. சட்டச் சொற்களில் அது வாய்ப்பாகத் தோன்றினாலும், அன்றைய அரசியல் சூழலில் அது அழுத்தமாகவே செயல்பட்டது. பலர் புதிய பெயருக்குள் பழைய ஒலியின் ஒரு துணுக்கை ஒளித்து வைத்தனர். தொழிலதிபர் லிம் சியூ லியோங் ‘சுதோனோ சாலிம்’ ஆனார். சாலிமில் ‘லிம்’ இருக்கிறது. ‘தான்’ குடும்பத்தினர் சிலர் ‘தானு’ என்று தொடங்கும் பெயர்களை ஏற்றனர். எழுத்து போனபின் ஒலியின் எச்சத்தில் குடும்ப நினைவு தங்கியது.

மக்களைக் குறிக்கும் பொதுப்பெயரும் தப்பவில்லை. ‘தியோங்ஹோவா’ என்ற மதிப்பான சொல்லுக்குப் பதிலாக, இழிவாகக் கருதப்பட்ட ‘சீனா’ என்ற சொல்லை 1967இல் ஓர் அரசுச் சுற்றறிக்கை புகுத்தியது. 2014இல் அதிபரின் ஆணை அச்சுற்றறிக்கையை நீக்கியது. மீட்கப்பட்ட ‘தியோங்ஹோவா’ என்பதும் ஹொக்கியன் ஒலியே.

இப்பிரச்சினை தமிழருக்குப் புதிதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் 1911 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே வகைப்படுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. ‘மலையகத் தமிழர்’ என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டது, வந்த இடத்தால் அல்லாமல் வாழும் இடத்தால் அறியப்படும் உரிமைக்கான கோரிக்கை. வெளிநாட்டில் தற்காலிகமாகத் தங்கியவர் என்ற பொருள்படும் ‘ஹுவாச்சியாவ்’ என்ற சொல்லை விட்டு, சீன இனத்தவர் என்று மட்டும் பொருள்படும் ‘ஹுவாரென்’ என்ற சொல்லைத் தென்கிழக்கு ஆசியச் சீனர் பலர் தேர்ந்துகொண்டதும் இதே கோரிக்கைதான்.

தெக்கா: ஒரு சந்தையின் பாடம்

எழுத்து நிலைத்தால் போதுமா என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தெக்கா சந்தை விடை தருகிறது. ‘தெக்கா’ என்பது மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர். தமிழர், மலாய்க்காரர், சீனர் அனைவரின் நாவிலும் பழகியது. 1979இல் சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின், 1982இல் புதிய கட்டடத்துக்கு மாறிய சந்தைக்கு அதே பெயரின் மாண்டரின் ஒலியான ‘ஜூஜியாவ்’ சூட்டப்பட்டது. எழுத்து மாறவில்லை, பொருளும் மாறவில்லை. ஆனால் மக்கள் வாயில் அது தங்கவில்லை. 2000இல் ‘தெக்கா’ திரும்பியது.

பொருளும் எழுத்தும் அப்படியே இருக்க, ஒலி மாறியதால் மட்டும் ஒரு பெயர் அந்நியமாகலாம் என்பதற்கு இது சான்று. ஊர்ப்பெயரின் உரிமை அதைச் சொல்லிப் பழகியவர்களுடையது. அவர்கள் அம்மொழியினராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தெக்காவைத் தெக்காவாகக் காத்ததில் தமிழர் நாவுக்கும் பங்குண்டு.

நொதித்த தேயிலையும் பெயர்க் குழப்பமும்

தமிழில் தேயிலை பற்றி எழுதுவோர் ‘நொதித்தல்’ என்ற சொல்லை இருவேறு செயல்களுக்குப் பயன்படுத்துகின்றனர். நீலகிரியிலும் அசாமிலும் தயாராகும் சாதாரணத் தேயிலை, இலையிலுள்ள நொதிகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிவதால் நிறம் மாறுகிறது. அது ஆக்சிஜனேற்றம்; நுண்ணுயிர்களுக்கு அங்கே முதன்மையான வேலை இல்லை. சீனர் ‘கருந்தேயிலை’ என வகைப்படுத்தும் தேயிலைகளில்தான் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இலையை மாற்றுகின்றன. ஆங்கிலேயர் ‘பிளாக் டீ’ என்பதைச் சீனர் ‘செந்தேயிலை’ என்பது குழப்பத்தை மேலும் கூட்டுகிறது. தமிழகக் கடையில் ‘பிளாக் டீ’ என்றாலோ பால் சேர்க்காதது என்றே பொருள். ‘புளித்த தேயிலை’ என்ற மொழிபெயர்ப்பும் பொருந்தாது; நல்ல கருந்தேயிலையில் புளிப்பு இராது. முதல் செயலை ஆக்சிஜனேற்றம் என்றும், இரண்டாவதை மட்டும் நொதித்தல் என்றும் எழுதுவதே தெளிவு.

கருந்தேயிலைகளில் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று யுன்னான் மாநிலத்தின் பூஅர். கன்டோனீஸில் இதன் பெயர் ‘போ லே’. மெல்ல முதிரும் ‘ஷெங்’, ஈரக்குவியலில் விரைவாக நொதிக்கவைக்கப்படும் ‘ஷூ’ என இது இருவகை. ஈரக்குவியல் முறை 1973 வாக்கில் குன்மிங்கில் உருவானது. மற்றொன்று குவாங்ஷி பகுதியின் லியூபாவ். மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் வெப்பத்திலும் ஈரத்திலும் பருகிய தேநீர் இதுவே. முதிர்ந்த லியூபாவின் சிறப்பு மணத்தைச் சீனர் ‘பாக்கு மணம்’ என்கின்றனர். தாம்பூலம் அறிந்த தமிழருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இவற்றைத் தேர்வதில் பெயர்ச்சீட்டை விட மூக்கும் கண்ணும் நம்பத்தக்கவை. உலர்ந்த இலையில் பழைய மரம், மழை நனைத்த மண், பாக்கு ஆகியவற்றின் மணம் இருக்கலாம். பூஞ்சை பிடித்த துணியின் வாடை கூடாது. புதிய ஷூவில் மீன்வாடை போன்ற ஒன்று இருப்பதுண்டு. காலப்போக்கில் அது குறையும். வடித்த நீர் எவ்வளவு கருஞ்சிவப்பாக இருந்தாலும் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கல் நல்ல அடையாளம் அன்று. வடித்தபின் இலை விரலுக்கு இளகி விரிய வேண்டும். கரிபோல் இறுகிய இலை அளவு மீறி நொதித்தது. அச்சிட்ட ஆண்டு முதிர்ச்சிக்குச் சான்றாகாது; சேமித்த முறையே சான்று. முதலில் சிறிதளவு வாங்கிச் சுவைப்பதே முறை. செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற பகுதிகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்து ஈரம் இலையில் பூஞ்சை ஏற்றிவிடும். மசாலாப் பொருள்களுக்கும் வெயிலுக்கும் விலக்கி, சுவரையோ தரையையோ தொடாமல் வைக்க வேண்டும்.

பெயரைக் கொண்டு விற்பதன் எல்லையையும் பூஅர் காட்டியது. பூஅர் என்பது தேயிலை விளைந்த இடத்தை விட, அது கூடிய சந்தையூரின் பெயர். 2007இல் தேயிலை விலை உச்சத்தில் இருந்தபோது, அருகிலிருந்த சிமாவ் நகரம் தன் பெயரைப் ‘பூஅர்’ என மாற்றிக்கொண்டது. பழைய பூஅர் ‘நிங்அர்’ ஆயிற்று. அதே ஆண்டில் விலை சரிந்தது. ஊர் தேயிலைக்குத் தந்த பெயரைத் தேயிலையிடமிருந்து வேறோர் ஊர் பெற்றுக்கொண்டது. அதில் வணிகம் இருந்தது. அங்கு வாழ்ந்தோர் நினைவுக்கு இடம் குறைவு.

செங்கல்பட்டு, 1929

இதுவரை கண்டவற்றைக் கொண்டு, பழைய பெயரைக் காப்பதே எப்போதும் நன்று என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. அம்முடிவை மறுக்கும் நிகழ்வு மறைமலைநகருக்கு அருகிலேயே நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விட்டுவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. தலைமை வகித்தவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெரியார் தம் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ பட்டத்தை விட்டார்.

சீனக் குடும்பத்துக்குத் ‘தான்’ என்பது முன்னோர் நினைவு. தமிழ்க் குடும்பத்துக்குப் பட்டம் என்பது பல நேரங்களில் ஒருவரை மேலாகவும் மற்றொருவரைக் கீழாகவும் நிறுத்தும் அளவுகோல். முன்னதை இழப்பது இழப்பு. பின்னதை விடுவது விடுதலை. இரண்டையும் ‘பெயர் மாற்றம்’ என்ற ஒரே தலைப்பில் அடக்குவது, ஆக்சிஜனேற்றத்தையும் நொதித்தலையும் ஒரே சொல்லால் குறிப்பதை ஒத்த பிழை.

மதிப்பீடு

பெயர் மாற்றங்களை மதிப்பிட ஒலி, பொருள், எழுத்து என்ற மூன்றில் எது எஞ்சியது என்று பார்ப்பது முதல் படி. மறைமலை என்பதில் பொருள், தேநீரில் ஒலி, மலேசியச் சீனர் பெயர்களில் எழுத்து, சாலிமில் ஒலியின் ஒரு துணுக்கு எஞ்சின. ஆனால் தீர்ப்பு அதைக்கொண்டு அமைவதில்லை. வேதாசலம் தானே மறைமலை ஆனார்; லிம் சாலிமாக நேர்ந்தது. செங்கல்பட்டில் கூடியவர்கள் தாமே பட்டத்தைத் துறந்தனர். தெக்காவின் கடைக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. மாற்றியவர் யார், அப்பெயரைச் சுமந்து வாழ்பவர் யார் என்ற இரண்டும் ஒன்றாக இருக்கும்போது பெயர் மாற்றம் தன்னுரிமை. வேறாக இருக்கும்போது அது ஆணை.

இவ்வளவுகோல் தமிழில் எழுதுவோருக்கும் பொருந்தும். மலேசியாவின் ‘தான்’ ஒருவரைச் ‘சென்’ என்று திருத்தி எழுதுவது புலமையாகாது. அவர் குடும்பம் காத்த ஒலியை அழிப்பதாகும். மலையகத் தமிழரை இன்றும் ‘இந்திய வம்சாவளியினர்’ என்று மட்டும் எழுதுவதும் அவ்வாறே. ஒருவர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ, அப்படியே அவரை எழுதுவது முறை.