ஒரு போல்ட் கழன்றதற்குக் கைதட்டினேன்

ராத்திரி பதினொன்றரை. வீட்டில் எல்லாரும் படுத்தாயிற்று. டீவி சத்தத்தை எட்டில் வைத்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். திரை முழுக்க ஒரே ஒரு போல்ட். துருவேறி, தலை மழுங்கி, பழைய காரின் அடிவயிற்றில் பல வருஷமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிற போல்ட். ஆரஞ்சுக் கையுறை போட்ட ஒரு கை ஸ்பானரை மாட்டி இழுக்கிறது. அசையவில்லை. எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு இழுக்கிறது. ம்ஹும். அப்புறம் கேஸ் டார்ச்சை எடுத்து நட்டுக்குச் சூடு காட்டுகிறது, நட்டு பழுத்துச் சிவக்கிறது, சூட்டில் விரிந்து துருவின் பிடி இளகுகிறது, மறுபடி ஸ்பானர், ஒரு இழுப்பு, 'டக்'!

கழன்றுவிட்டது! நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். சத்தம் கேட்டு அம்மா அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"போல்ட்டு கழண்டுருச்சும்மா!"

அம்மா டீவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் அதன் பிறகு ஒரு மணி நேரம் தூக்கம் வரவில்லை.

'வீலர் டீலர்ஸ்'. இந்தப் பெயரை உச்சரித்தாலே எனக்குக் குரல் ஒரு கட்டை ஏறிவிடும். பிரிட்டனில் 2003இல் தொடங்கிய நிகழ்ச்சி. முதலில் கையில் எடுத்த வண்டி போர்ஷே 924. கதை ஒன்றேதான்: மைக் பிரூவர் ஒரு பழைய காரை வாங்கி வருவார், எட் சைனா அதைச் சரிசெய்வார், மைக் அதை விற்பார். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்'-க்குள் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன்!

முதலில் மைக். டீவிக்கு வருவதற்கு முன்பே பழைய கார் வியாபாரம் பார்த்தவர், அது அவர் நடையிலேயே தெரியும். கற்பனை செய்து பாருங்கள்: லேசான தூறல், ஏதோ ஒரு வீட்டு வாசல், ஈரத்தில் நிற்கிற ஒரு பழைய வண்டி. மைக் அதைச் சுற்றி வருகிறார். குனிந்து சக்கர வளைவுக்குள் விரலை விட்டுத் தடவுகிறார், துரு உதிர்கிறதா? கதவைச் சுற்றியும் பானெட்டைச் சுற்றியும் இடைவெளி மேலும் கீழும் ஒரே சீராக இருக்கிறதா, இல்லையென்றால் எங்கேயோ அடிபட்ட வண்டி. எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார், வெண்ணெய் மாதிரிக் கொழகொழவென்று ஏதாவது படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சர்வீஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார். ஓட்டிப் பார்க்கிறார். அப்புறம் பேரம்! நம்மூர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து ரகசியமாக நடக்கிற அந்த நாடகம், இங்கே பட்டப்பகலில் முகத்துக்கு நேரே நடக்கிறது. இவர் ஒரு விலை சொல்ல, அவர் உதட்டைப் பிதுக்க, இவர் கொஞ்சம் ஏற, அவர் கொஞ்சம் இறங்க, கடைசியில் இவர் கையை நீட்டிக்கொண்டே நிற்பார். அந்தக் கையை எதிராளி பிடிக்கும்வரை நான் மூச்சு விடமாட்டேன்.

அடுத்து, ஐயோ, எட் சைனா! அந்த ஆரஞ்சுக் கையுறைக்காரர், ஆறடி ஏழு அங்குல மனிதர். அவ்வளவு உயரத்தையும் மடக்கிச் சின்னஞ்சிறு கார்களின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு, பதற்றமே இல்லாத குரலில், இது ஏன் கெட்டது, இதை எப்படிக் கழற்றுவது, எதை முதலில் விடுவிக்க வேண்டும், எதை மறந்தால் வம்பு என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்கிற மாதிரிச் சொல்வார். இவர் எப்பேர்ப்பட்டவர் தெரியுமா? ஒரு சோபாவையே காராக்கி ரோட்டில் ஓட்டியவர்! 1998இல் மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகம் போய், உலகின் மிக வேகமான சோபா என்று கின்னஸில் ஏறினார். மினி காரின் எஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு பீட்சாத் தட்டு! அதைத் திருப்பினால் சோபா திரும்பும். ஒருவர் கையில் இவ்வளவு வித்தையும் மனசில் இவ்வளவு குழந்தைத்தனமும் ஒன்றாக இருந்தால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

அவர் துருவோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டிக்கு அடியில் தெறித்து இடுக்கிடுக்காகப் புகுந்து இரும்பைத் தின்றுவிடும். அங்கே மூன்று வயதைத் தாண்டிய காருக்கு வருஷாவருஷம் 'எம்ஓடி' சோதனை உண்டு, நம்மூர் எஃப்சி மாதிரி. அடித்தளத்தில் துரு ஓட்டை இருந்தால் தேறாது. இப்போது நினைத்துப் பாருங்கள்: வெளியே பளபளவென்று பெயிண்ட். கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பில் எட் ஒரு ஸ்குரூடிரைவரை லேசாக வைத்து அழுத்துகிறார். பிஸ்கட்டுக்குள் இறங்குகிற மாதிரி உள்ளே போகிறது! எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கிரைண்டரை எடுத்து நல்ல இரும்பு தென்படும்வரை கெட்டதை அறுத்துத் தள்ளுவார், தீப்பொறி மழையாகக் கொட்டும், அப்புறம் ஒரு சாதாரண அட்டையை அந்த ஓட்டையின் மேல் வைத்து அளவு வெட்டுவார், அந்த அட்டையைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டுத் தகட்டை வெட்டுவார், மடிப்பார், தட்டுவார், பொருத்துவார், வெல்டிங் வைப்பார், தேய்ப்பார், துருத்தடுப்புப் பூச்சு அடிப்பார். பட்டி பூசி மூடி மறைக்கிற பேச்சே கிடையாது! வெளியே தெரியாத இடத்துக்கு இவ்வளவு மரியாதை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆமாம், தகட்டுக்காகத்தான் கலங்குகிறது, சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

ஆம்ஃபிகார் எபிசோடைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது! 1960களில் ஜெர்மனியில் செய்த வண்டி, ரோட்டிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். ட்ரையம்ஃப் ஹெரால்டின் எஞ்சின் பின்னால் உட்கார்ந்திருக்கும், அதற்கும் பின்னால் இரண்டு புரொப்பெல்லர்கள், தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் முன்சக்கரங்கள்தான் சுக்கான்! 770 என்று பேர் வைத்ததே தண்ணீரில் 7 நாட், தரையில் 70 மைல் என்பதால்தான். எண்ணிப் பாருங்கள், சாதாரணக் காரில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எம்ஓடியில் தேறாது, அவ்வளவுதான். இதில் ஓட்டை விழுந்தால் முழுகிப் போவோம்! அப்படிப்பட்ட வண்டியைக் கையிலெடுத்து, ஒவ்வொரு இடுக்காகப் பார்த்துச் சரிசெய்து, கடைசியில் அதைத் தண்ணீரை நோக்கி ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டது, கால் தன்பாட்டுக்கு இல்லாத பிரேக்கை மிதிக்கிறது, 'வேணாம் வேணாம்' என்று வாய் முணுமுணுக்கிறது, மூக்குப் பக்கம் தண்ணீரைத் தொட்டதும் அலை விலகி வண்டி ஒரு முங்கு முங்கி நிமிர்ந்து, அப்படியே, வாத்து மாதிரி, மிதந்தது பாருங்கள்! மிதந்தது! ஒரு கார்! தலையணையைத் தூக்கி எறிந்தேன், இந்தத் தடவை அம்மா எழுந்துகூட வரவில்லை.

கடைசியில் கணக்கு. வாங்கிய விலை, உதிரிபாகச் செலவு, விற்ற விலை, மிச்சம். சில நேரம் நல்ல லாபம், சில நேரம் ஏதோ கொஞ்சம். எட்டின் உழைப்புக்கான கூலி அந்தக் கணக்கில் ஏறுவதில்லை என்று என் நண்பன் ஒருத்தன் எப்போதும் சண்டைக்கு வருவான். சரி, ஏறுவதில்லைதான். அதனால் என்னப்பா? அந்தக் கையின் நேர்த்திக்கு எந்த நோட்டில் விலை எழுதுவாய்?

2017இல் எட் விலகினார் என்று தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த ஆண்ட் ஆன்ஸ்டெட் ஒரு மசெராட்டி பைடர்போவை மின்சாரக் காராக மாற்றிக்காட்டினார், அவருக்குப் பிறகு மெக்லாரன் ஃபார்முலா ஒன் அணியில் மெக்கானிக்காக இருந்த மார்க் பிரீஸ்ட்லி வந்தார். இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனாலும் ஆரஞ்சுக் கையுறை ஆரஞ்சுக் கையுறைதான்!

இனி என் சொந்த ஆம்ஃபிகார். எங்கள் வீட்டு மாருதி 800இல் முன்பக்கம் இடது கதவுக் கண்ணாடி நாலு வருஷமாக இறங்கவில்லை. அம்மா உட்காருகிற பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குள் எட் சைனா புகுந்துகொண்டார். கண்ணாடி சுற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். பழைய துணியை அந்த இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தெறித்து வெளியே வரும். தெறித்தது, திண்ணைக்கு அடியில் போய் விழுந்தது, படுத்துத் தேடி எடுத்தேன். கதவின் உள்பலகையை ஒவ்வொரு பட்டனாக விடுவித்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் கிரீஸ் காய்ந்து கறுத்துத் தார் மாதிரி இறுகியிருக்கிறது, கண்ணாடி ஓடுகிற ரப்பர் காடியில் நாலு வருஷத்து மண். மண்ணெண்ணெயில் தோய்த்துத் துடைத்தேன், புது கிரீஸ் வைத்தேன், காடியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். அவசரப்படவே இல்லை. எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அதே வரிசையில் செய்தித்தாளில் அடுக்கி வைத்தேன், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. மத்தியானம் இரண்டு மணிக்குக் கைப்பிடியைத் திரும்ப மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்று. கண்ணாடி முனகியது. இன்னொரு சுற்று. வழுக்கிக்கொண்டு இறங்கியது!

சாயந்திரம் அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனை திரும்பியதும் அவளாகவே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள், மெதுவாகச் சுற்றினாள், கண்ணாடி இறங்கியது, ஏற்றினாள், மறுபடி முழுசாக இறக்கிவிட்டாள். நரைமுடி பறந்தது.

"காத்து நல்லா வருதுடா" என்றாள். பிறகு, "இன்னிக்கு ராத்திரி அந்த போல்ட்டு புரோகிராம் உண்டா?"