ஆலத்துச் சிவப்பும் ஆழத்து மௌனமும்

சமையலறைப் பொருள்களைக் கொண்டு குழந்தைகளுக்கு விஞ்ஞானத்தை அறிமுகம் செய்யும் வண்ணச் சோதனைகள், இன்று பள்ளிக் கண்காட்சிகளிலும் விடுமுறை வகுப்புகளிலும் கைப்பேசித் திரைகளிலும் ஒருங்கே பரவி, விஞ்ஞானக் கல்வி என்றாலே இவைதாம் என்று பெற்றோர் பலர் எண்ணும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றுவிட்டன. பாலில் சாயத் துளிகளை விட்டுச் சோப்பு தோய்ந்த குச்சியால் தொட்டவுடன் நிறங்கள் சிதறி ஓடுகின்றன. களிமண் எரிமலையின் வாயில் சோடா உப்பும் வினிகரும் சேர்ந்தவுடன் செந்நுரை பொங்கி வழிகிறது. குழந்தைகள் கை தட்டுகிறார்கள். இந்த வழக்கத்தின் குணதோஷங்களை ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு மனிதர் இறங்கி உழைத்த இந்த ஊரில், இரசாயனமும் பௌதிகமும் பல தலைமுறைத் தொழிலாளரின் அன்றாட ஜீவனமாக இருந்தன. 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்கோ அவை, தங்கம் பிரித்த கழிவு குவிந்து ஊரை வளைத்து நிற்கும் சயனைடு மேடுகளாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

சிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிறிய சிறப்பன்று. கல்யாணம் முடிந்து வாசலில் நிற்கும் மணமக்களுக்கும், பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணுக்கும் ஆலம் சுற்றிக் கொட்டுவதற்காக, தாம்பாளத்துத் தண்ணீரில் மஞ்சள் பொடியைக் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக் கலக்கும் பாட்டி, அக்கணத்தில் ஓர் இரசாயனப் பரிசோதனையையே நடத்துகிறாள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தைச் சந்தித்ததும் ஆலம் சிவக்கிறது. அந்தச் செந்நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் முகந்து, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லிக் குழந்தையின் அருகே அமர்ந்து பார்க்க வேண்டும். துளி விழுந்த இடத்தில் மஞ்சள் நிறம் கண் விழித்தாற்போலத் தோன்றி, மறுகணமே சுற்றியுள்ள சிவப்பில் அமிழ்ந்து போகிறது. துளிகள் பெருகப் பெருக அது நின்று நின்று மறைகிறது. பிறகு, எத்தனையாவது துளியில் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு சமயத்தில், டம்ளர் முழுவதும் ஒரேயடியாக மஞ்சளாகி நின்றுவிடுகிறது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதால் விளையாத ஞானம், பிரத்தியட்சமான இந்த ஒரு காட்சியில் குழந்தைக்கு வாய்த்துவிடுகிறது. 1664-இல் ராபர்ட் பாயில் வண்ணங்களைப் பற்றி எழுதிய நூலில் வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவந்து காரத்தில் பச்சையாவதை விவரித்தாரே, அவர் நடந்த பாதையிலேயே அந்தக் குழந்தையும் காலடி வைக்கிறது. அதைவிட மேலாக, படிக்காதவள் என்று வீட்டாரால் ஒதுக்கப்பட்ட பாட்டியின் கைப்பழக்கம் மதிப்புக்குரிய அறிவாகப் பேரப்பிள்ளையின் கண்ணில் உயர்கிறது.

சோதனைச்சாலை இல்லாத பள்ளிகளுக்கு இந்த வழி பெரும் உபகாரம் என்பதிலும் ஐயமில்லை. 1987-இல் தொடங்கப்பட்ட ‘துளிர்’ பத்திரிகையின் வாயிலாகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், நமக்குப் பக்கத்திலேயே குப்பத்தில் இருந்துகொண்டு வண்டிகளில் சோதனைச் சாதனங்களை ஏற்றிக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பிவரும், 1999-இல் நிறுவப்பட்ட அகஸ்தியா அமைப்பும், மலிவான பொருள்களால் மகத்தான காரியங்களைச் செய்யலாம் என்பதை மெய்ப்பித்திருக்கின்றன.

ஆனால் பரவலாக நடப்பது அந்தத் தரத்தில் இல்லை. மேல்நாட்டுக் குறிப்புகளை அப்படியே பார்த்துச் செய்வதால், சிவப்பு முட்டைக்கோஸையும் வினிகரையும் உணவுச் சாயத்தையும் தேடிக் கடைக்கு ஓடும் தாய்மார், வேலியோரத்துச் செம்பருத்தியும் சங்குப்பூவும் முட்டைக்கோஸின் வேலையை இலவசமாகச் செய்யும் என்பதை அறியாதிருக்கிறார்கள். தொழிலாளரின் லைன் வீடுகளில் காலைக் காப்பிக்கென்று வாங்கிய பாலைத் தட்டில் ஊற்றிச் சாயம் கலந்து கொட்டுவதை என் மனம் ஏற்கவில்லை.

இதைவிடக் கேடானது, கண் கவர்ந்த காட்சிக்குப் பின்னால் பொய்யான காரணத்தைச் சொல்லிக் கொடுப்பது. தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவத்தியின்மேல் டம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கான பிராணவாயு எரிந்து தீர்ந்தபடியால் அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று ஆசிரியர் முடித்துவிடுகிறார். சுடரோ பிராணவாயு முழுவதும் தீரும் முன்னரே அணைந்துவிடுகிறது. எரிந்ததற்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. சூட்டினால் விரிந்த காற்றில் ஒரு பகுதி டம்ளரைக் கவிழ்க்கும்போதே வெளியேறிவிட, எஞ்சியது குளிர்ந்து சுருங்குவதே தண்ணீர் ஏறுவதற்குப் பிரதான காரணம். இதற்குச் சாட்சி குழந்தையின் கண்முன்னேயே இருக்கிறது: சுடர் எரியும்வரை தண்ணீர் அவ்வளவாக அசைவதில்லை, அணைந்த பிறகே விரைந்து ஏறுகிறது. ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றை நிறுத்தினால் மட்டம் இன்னும் உயர்கிறது. டம்ளருக்குள் இருந்த பிராணவாயு மும்மடங்காகிவிடவில்லையே! கண் காண்பதை வாய் மறுக்கும் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் ஒப்பித்து வளரும் பிள்ளை, தன் கண்ணை நம்பாமலிருக்கவே பயிற்சி பெறுகிறது.

வீட்டுப் பொருள் என்பதனாலேயே ஒன்று அபாயமற்றது ஆகிவிடாது என்பதையும் இவ்விடத்தில் வற்புறுத்த வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்துக் கண்ணைப் புண்ணாக்கிய குழந்தைகளை நம் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிவறைக்கான ஆசிட் கலந்தால் எழும் குளோரின் வாயு மூச்சுக்குழலை அரித்துவிடும். ஆகவே சுண்ணாம்பைக் கலக்கும் வேலை பெரியவர்களுடையது. குழந்தையின் பங்கு எலுமிச்சையோடு நிற்கட்டும்.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். நான் அடிப்படையான தோஷம் என்று கருதுவது வேறு: இந்தச் சோதனைகள் ஒருபோதும் தோற்பதில்லை. விடை முன்பே தெரியும். நிறம் மாறியே தீரும். மாறாவிட்டால் குழந்தை தவறு செய்துவிட்டது என்று பொருள். மெய்யான ஆராய்ச்சி இப்படி நடப்பதன்று என்பதற்கு நம் ஊர்ச் சுரங்கமே சான்று. 1960-களின் தொடக்கத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் துகள்கள் பாறையை ஊடுருவி எவ்வளவு ஆழம் செல்கின்றன என்று அளப்பதற்காகக் கருவிகளைச் சுரங்கத்தில் படிப்படியாக இறக்கிக்கொண்டே போனார்கள். அவர்கள் எட்டிய மிக ஆழமான இடத்தில், ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை. பள்ளிக் கண்காட்சியாக இருந்தால் அந்த மேசையைத் தோல்வி என்று எடுத்துவிடுவோம். அவர்களோ அந்த மௌனத்தையே செய்தியாகக் கொண்டார்கள்: மற்ற துகள்கள் எல்லாம் வடிந்துபோன இவ்வளவு அமைதியான இடத்தில், பாறையையும் பூமியையும் சிரமமின்றி ஊடுருவும் நியூட்ரினோவைத் தேடலாமே என்று துணிந்தார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் முதலியோர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களின் அறிஞர்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், துகள் பாய்ந்தால் ஒளிரும் நியான் குழாய்களை அடுக்கி வைத்துக் காத்திருந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை 1965-இல் கண்டறிந்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் உழைத்த மற்றொரு குழுவும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தது. ஒளி விடுவதற்கு முன்னால் நீண்ட இருட்டு இருந்தது என்பதைத் தங்கவயல் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டு, ஒரு நிமிடத்தில் பொங்கி ஓயும் எரிமலையை மட்டும் காட்டுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

விடை தெரியாத சோதனை குழந்தைக்கு எட்டாதது என்பதும் சரியன்று. மேலே சொன்ன அதே ஆலத்தை மூடாமல் விட்டு வைத்தால் அதன் சிவப்பு நாழிகைக்கு நாழிகை மங்குகிறது. காரத்தில் குர்க்குமின் சிதைவது ஒரு காரணம். காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு உட்கொண்டு தன் காரத்தை இழப்பது மற்றொன்று. இவற்றில் எது எவ்வளவு என்று கேட்டு, ஒரு டம்ளரை மூடியும் ஒன்றைத் திறந்தும், ஒன்றை வெயிலிலும் ஒன்றை அலமாரியிலும் வைத்து நாள் முழுவதும் குறிப்பெடுக்கும் சிறுமியின் ஆசிரியை, முடிவைத் தானும் அறியாதவளாய் அவளோடு காத்திருக்க நேரிடும்.

இதே சுண்ணாம்புதான் இந்த ஊரின் ஆலைகளிலும் இருந்தது. பாதரசத்துக்கு அகப்படாமல் அரைத்த பாறைத் தூளில் தங்கிவிட்ட நுண்ணிய தங்கத்தைச் சயனைடு கரைசல் கரைத்தெடுத்தது. அந்தக் கரைசல் அமிலத்தன்மை அடைந்தால் கொடிய விஷவாயு கிளம்பும் ஆதலால், அதைக் காரமாகவே வைத்திருக்கச் சுண்ணாம்பு சேர்க்கப்பட்டது. எலுமிச்சைத் துளியால் மஞ்சளான டம்ளரும், தொழிலாளியின் உயிரைக் காத்த சுண்ணாம்பும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதை எந்த நகரத்துப் பள்ளியைவிடவும் இந்த ஊர்ப் பள்ளியில் உயிரோட்டமாகச் சொல்லலாம். அப்படிச் சொன்னவுடன், கோடைக்காற்றில் சயனைடு மேடுகளிலிருந்து வீட்டுக்குள் வந்து படியும் தூசியும் விஷந்தானா என்று ஏதேனும் ஒரு பிள்ளை கேட்கும். அந்த மண்ணைக் கையால் அள்ளி மஞ்சள் நீரில் போட்டுப் பார்க்க விடலாகாது. மஞ்சள் காரத்தைக் காட்டுமேயன்றி ஆர்செனிக்கையோ சயனைடையோ காட்டாது, நிறம் மாறாததைக் கண்டு தூசி நல்லது என்று முடிவு கட்டுவது பேராபத்து. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி வேண்டும், அது எங்கே இருக்கிறது, அதைக் கொண்டு அளந்து சொல்லும்படி யாரிடம் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தப் பிள்ளைக்கு விளக்கியாக வேண்டும். சயனைடு ஆலையில் சுண்ணாம்பு அளந்து போட்டவர்களும் கரைசலைச் சோதித்தவர்களும் மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் முதியவர்களாக இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த விஞ்ஞானக் கண்காட்சியில் அவர்களில் ஒருவரை அழைத்து, அந்த மஞ்சள் டம்ளருக்கு அருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம்.