ஸ்பிளாஷ்: தெளிப்பா, தெறிப்பா?

மொழிபெயர்ப்புகளில் 'ஸ்பிளாஷ்' வரும் இடத்தில் 'தெளி' என்று போட்டுவிடுவதைப் பார்க்கிறேன். எனக்கு இது சரியாகப் படவில்லை. வாசல் தெளிக்கிறோம், பன்னீர் தெளிக்கிறோம். துளித்துளியாக, கை அளந்து செய்கிற வேலை அது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்கிள்' இருக்கிறது. தெளிப்பு நீர்ப் பாசனம் என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

ஸ்பிளாஷில் மோதல் உண்டு, சத்தமும் உண்டு. பள்ளத்தில் இறங்கிய பஸ் நம் மேல் சேற்றை வாரியடித்தால் ஆங்கிலத்தில் இந்த வினைதான். 'பஸ் சேறு தெளிச்சுது'ன்னு யாராவது சொல்வோமா? வேண்டுமென்றே முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வதற்கும் இதே சொல்தான் வரும். ஆக, வேறுபாடு எண்ணத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. தமிழில் ஆள் செய்தால் 'அடி', தானாக நடந்தால் 'தெறி' என்று பிரித்து எழுத வேண்டும்.

டேவிட் ஹாக்னி 1967-இல் வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' ஓவியத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. குதித்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. டைவிங் பலகைக்கு முன்னால் வெள்ளையாக எழும்பிய தண்ணீர் மட்டும்தான். அதை 'இன்னும் பெரிய தெளிப்பு' என்றால் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி ஆகிவிடும். 'தெறிப்பு' என்றால்தான் ஆள் குதித்தது புரியும்.