பேன் பார்க்கும் கையும் பேன்சீப்பும்

பேன் பார்ப்பதில் நம் வீட்டுப் பெண்களின் கை தேர்ந்த கை. மேல்படியில் அம்மாவோ பாட்டியோ, கீழ்ப்படியில் பிள்ளை. வகிடு வகிடாகப் பிரித்து, ஓடுகிற பேனைப் பிடித்துப் பெருவிரல் நகத்தில் வைத்து நசுக்குவார்கள். மருந்துச் செலவில்லை, நஞ்சில்லை. இவ்வளவு இருந்தும் ஜூனில் ஒழிந்த பேன் ஜூலையில் திரும்பிவிடுகிறது. வழக்கம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அது கண்ணை அதிகம் நம்புகிறது, பாதியில் நின்றுவிடுகிறது.

ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயிருள்ள பேன் இருந்த தலைகளில் பத்தில் ஒன்பதை ஈர முடியில் சீப்பு போட்டுக் கண்டுபிடித்தார்கள். வெறும் கண்ணுக்குப் பத்தில் மூன்றுகூட அகப்படவில்லை. பேனுக்குப் பறக்கவோ குதிக்கவோ வராது; ஆனால் காய்ந்த முடியில் வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளிந்துகொள்ளும். நனைந்த முடியில் அசையாமல் கிடக்கும்.

அரிப்பை வைத்தும் முடிவு கட்ட முடியாது. பேனின் எச்சில் உடம்புக்கு ஒவ்வாததால் வருவது அரிப்பு. முதல்முறை பேன் ஏறிய தலையில் அது தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் ஒரே பாயில் தலையோடு தலை ஒட்டிப் படுப்பவர்களுக்கெல்லாம் ஏறியிருக்கும்.

ஈரைப் பொடுகு என்று விட்டுவிடுவதும் உண்டு. பொடுகு தட்டினால் உதிரும். ஈர் முடியோடு பசை போட்டாற்போல ஒட்டியிருக்கும், இரு நகத்துக்கு நடுவே வைத்து உருவினால்தான் வரும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோலை ஒட்டி அரை சென்டிமீட்டருக்குள் இருப்பதே பெரும்பாலும் பொரிக்கக்கூடியது. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தள்ளி வெள்ளையாகத் தெரிவது அநேகமாக வெற்றுக்கூடு. அந்தக் கூட்டைக் காட்டி ஒரு சிறுமியை வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே இத்தகைய விதிகளைக் கைவிடச் சொல்கிறது.

பாதியில் நிற்பது இன்னும் பெரிய குறை. ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள், பொரித்த குஞ்சு முட்டையிட மேலும் ஒன்பது, பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மூச்சில் பார்த்து முடித்தால், அன்று ஈராக இருந்தவை அத்தனையும் தப்பிக்கும். தலைக்குக் குளித்த முடியில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, 1, 5, 9, 13ஆம் நாள்களில் பேன்சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். பல் வளைந்த சீப்பு உதவாது.

ஒரு சதவீத பெர்மெத்ரின் மருந்து இந்த உழைப்பைக் குறைக்கும். அதையும் ஒன்பது நாள் கழித்து மறுபடி போட வேண்டும். ஆனால் பல நாடுகளில் பேன்கள் அதற்குப் பழகிவிட்டன. மருந்தா, சீப்பா என்பதில் பிரிட்டனின் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. 2000இல் வெளியான வேல்ஸ் ஆய்வில் மாலத்தியான் போட்டவர்களில் 78 சதவீதமும் சீப்பு போட்டவர்களில் 38 சதவீதமும் தேறினார்கள். 2005இல் வெளியான இன்னோர் ஆய்வில் சீப்புக்கு 57, கடை மருந்துகளுக்கு 13. இரண்டிலுமே சீப்பு பலரைக் கைவிட்டிருக்கிறது. நான்கு முறை முழுத் தலையையும் சீவும் பொறுமை வேலைக்குப் போய்வரும் எல்லாத் தாய்க்கும் வாய்க்காது. இதை மறைக்காமல் சொல்லித்தான் சீப்பைப் பரிந்துரைக்க வேண்டும்.

கைவைத்தியம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எண்ணெய் தடவினால் சீப்பு வழுக்கி ஓடும்; அந்த மட்டில் நல்லது. சீதாப்பழ விதைப்பொடி அப்படியல்ல. குளிக்கும்போது கண்ணில் வழிந்து கருவிழி புண்ணானவர்களைப் பற்றிய குறிப்புகள் கண் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், அடுப்பருகே தீப்பிடிக்கும். பேனால் உயிருக்கு ஆபத்தில்லை. அதற்கு இந்த விலை கொடுக்கலாமா?

வீட்டையே புரட்டித் துவைக்கவும் வேண்டாம். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. தலையணை உறை, துண்டு, சீப்பு இவற்றை வெந்நீரில் போட்டால் போதும். மிஞ்சும் நேரத்தைத் தம்பியின் தலைக்குக் கொடுக்கலாம். ஒட்ட வெட்டிய முடியில் பேன் ஏது என்று அவனை யாரும் கீழ்ப்படியில் உட்கார வைப்பதே இல்லை.