திரை சொல்வது ஸ்டேட்டை, கடலை அல்ல

டிக்ளரேட்டிவ் முறையின் சாரத்தை ஃப்ளட்டர் ஆவணம் ஒரே வரியில் அடக்கிவிடுகிறது: யூஐ = எஃப்(ஸ்டேட்). பழைய ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு டெக்ஸ்ட்வியூவையும் தேடிப் பிடித்து நாமே மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் தரவு ஒன்று சொல்லும், திரை வேறொன்று காட்டும். 2013ல் ரியாக்ட், 2018ல் ஃப்ளட்டர் 1.0, 2019ல் ஸ்விஃப்ட்யூஐ, 2021ல் கம்போஸ் 1.0 என வரிசையாக வந்தவை அந்தத் தொல்லையைத் தீர்த்தன. நானும் இப்போ கம்போஸ்லதான் எழுதுறேன்.

என் விமர்சனம் வேறு இடத்தில். இந்த முறை திரையை ஸ்டேட்டுக்கு உண்மையாக வைக்கிறது. அந்த ஸ்டேட் வெளியுலகத்துக்கு உண்மையா என்று கேட்பதில்லை.

மரக்காணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகும் படகுகள் ஒரு பக்கம், உப்பளங்கள் இன்னொரு பக்கம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் அலை உயரம், காற்று பற்றிய கணிப்புகளை வெளியிடுகிறது. அதைக் காட்டும் ஆப் ஒன்றை எழுதுகிறோம் என்று வையுங்கள். காலை 4 மணிக்குக் கரையில் தரவு வருகிறது. படகு உள்ளே போனதும் சிக்னல் போயிடும். மதியம் பார்த்தாலும் அதே எண், அதே பச்சை நிறம், கீழே அதே 'இப்போதுதான் புதுப்பிக்கப்பட்டது'.

ஏன்? கம்போஸ் தான் படித்த ஸ்டேட் மாறினால்தான் மறுபடி வரையும். நேரம் கடப்பது அதன் கணக்கில் மாற்றமே இல்லை. உப்பளத்திலும் இதே கதைதான். உப்பை வாரிக் குவிக்கும் முன் மழை பெய்தால் பாத்தியிலேயே கரைந்துவிடும். நேற்று வாங்கிய 'மழை இல்லை' இன்றும் திரையில் நின்றால், அதை நம்பி வாராமல் விட்டவருக்குப் பல நாள் உழைப்பு போச்சு.

பாடங்களில் வழக்கமாக மூன்று நிலைகள்தான் வரும்: லோடிங், சக்சஸ், எரர். 'பழசு, ஆனாலும் கொஞ்சம் பயன்படும்' என்பது நான்காவது. கடற்கரையில் பெரும்பாலான நேரம் நாம் இருப்பது அதில்தான்.

ஸ்விஃப்ட்யூஐயில் 2021ல் டைம்லைன்வியூ வந்தது. குறித்த நேரங்களில் அது திரையைத் திரும்ப வரையும். கம்போஸில் நிமிடத்துக்கொரு முறை நேரத்தை ஸ்டேட்டுக்குள் தள்ளும் லாஞ்ச்டுஎஃபெக்டை நாமே எழுதணும். சில வரிகள்தான். அதைவிட எளிய வழியும் உண்டு: 'இப்போதுதான்' என்பதற்குப் பதில் தேதியோடு 'காலை 4 மணி நிலவரம்' என்று எழுதுங்கள். திரை புதுப்பிக்கப்படாவிட்டாலும் அந்த வரி பொய்யாகாது. பச்சையைச் சாம்பலாக்க மட்டும் கடிகாரம் போதும்.

ஆக, வாய்பாட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நேரத்தையும் ஸ்டேட்டில் சேர்த்தால் போதும்.